குளத்து மீனும் குடியானவன் கைவலையும்

பயிர்த் தொழிலுடன் மீன் வளர்ப்பையும் உபதொழிலாகக் கொள்ளும் குடியானவர்கள் பலர். வயற்குட்டையிலும், குத்தகைக்கு எடுத்த ஏரியிலும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டையினக் குஞ்சுகளை விட்டு, எருவும் தீனியும் இட்டுச் செவ்வனே பராமரித்தால், ஓராண்டில் அவை ஏறக்குறைய 1 கிலோ எடை அடைகின்றன. இவ்வளவு சிரமப்பட்டு வளர்த்த மீனை நீரிலிருந்து எடுக்கும் வேளையில் பலர் காட்டும் அசிரத்தை வருந்தத்தக்கது.

இழுவலையைக் கரையோரம் சுருக்கியவுடன் மீன்களைச் செவுளில் விரலிட்டுத் தூக்குவதும், சாக்கில் வாரி மேட்டில் கொட்டுவதும் வழக்கமாயிருக்கின்றன. அன்றே சந்தைக்குப் போகும் மீனுக்கு இதனால் பெருங்கேடு இல்லை எனலாம். எடை போதாதென்று மீண்டும் நீரில் விடப்படும் மீனின் கதியோ வேறு. மீனின் மேலுள்ள வழவழப்பு வெறும் அழுக்கன்று. நோய்க் கிருமிகளைத் தடுக்கும் கவசமாகும். உலர்ந்த கையும் முரட்டுச் சாக்கும் அதனைத் துடைத்துவிடுகின்றன, செதிலும் பெயர்கிறது. பெயர்ந்த இடத்தில் பஞ்சு போன்ற வெண்பூஞ்சணம் பற்றுகிறது. சில நாட்களில் மீன் செத்து மிதக்கக் கண்டு தண்ணீரைப் பழிப்போரும், அயலார் மீது ஐயுறுவோரும் உளர். குற்றம் பெரும்பாலும் எடுத்த கையினுடையதே. நாற்றுப் பறிக்கையில் வேர் அறாமல் பார்க்கும் விவசாயி, மறு அறுவடைக்குரிய மீனை மட்டும் முரட்டுத்தனமாய்க் கையாளுவது நியாயமன்று.

இக்குறையை நீக்கும் கருவி, நீண்ட பிடியுள்ள சிறு கைவலையே. இதனை ஒவ்வொரு குடியானவரும் தம் தோட்டத்து மரத்திலேயே செய்துகொள்ளலாம். கொய்யா அல்லது புளியமரத்தில், இரு கிளைகளும் விரல் பருமனில் ஒத்து வளர்ந்த கவையொன்றைத் தேர்ந்து, பச்சையாக வெட்டுதல் வேண்டும். முருங்கை போன்று எளிதில் முறியும் மரம் உதவாது. வளையம் 16 அங்குல விட்டமுடையதாயின் அதன் சுற்றளவு சுமார் 50 அங்குலம். ஆகவே கிளை ஒவ்வொன்றும் 28 அங்குலம் இருந்தால், நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று 6 அங்குலம் பொருந்தும். பட்டையை உரித்து, இளஞ்சூட்டில் வாட்டி, சிறிது சிறிதாக வளைத்துக் கயிற்றால் கட்டி, நிழலில் சில வாரம் உலர்த்துக. வெயிலில் இட்டால் மரம் வெடிக்கும். பின்னர் நுனிகளைச் சாய்வாகச் சீவிப் பொருத்தி, நூலால் நெருக்கிச் சுற்றி, புன்னை எண்ணெயோ ஆளிவிதை எண்ணெயோ பூசுக. அடிக்கட்டை மூன்றடி நீளமிருப்பின் அதுவே பிடியாகும். குறையுமாயின் மூங்கிற் குழாயில் செருகிக் கட்டலாம்.

பையைப் பின்ன வலை ஊசியும், அரை அங்குல அகலமுள்ள மூங்கிற் பட்டையும் போதும். பட்டையைச் சுற்றி முடிச்சிட்டுக்கொண்டே போனால் எல்லாக் கண்களும் ஒரே அளவாக அமையும். பெரிய கண்ணில் சிறு மீனின் துடுப்பும் செவுளும் சிக்கிக் கிழியும் என்பதை மறத்தலாகாது. பை ஓரடிக்குக் குறையாத ஆழமுடையதாயின், மீன் துள்ளி விழாமல் அடங்கிக் கிடக்கும். பஞ்சு நூல் நனைந்தவுடன் மென்மையாகி மீனை உறுத்தாது. ஆயினும் ஈரத்தில் மட்கும். அதற்காகவே பனிச்சைக் காயின் சாற்றிலும், புளியங்கொட்டைத் தோலின் கஷாயத்திலும் வலைகளை ஊறவைக்கும் முறையை முன்னோர் கையாண்டனர்.

கடையில் அலுமினிய வளையமும் நைலான் பையும் கொண்ட வலை கிடைக்கும்போது இப்பாடு எதற்கு என்று சிலர் வினவலாம். வினா அலட்சியப்படுத்தத்தக்கதன்று. நைலான் மட்குவதில்லை, முடிச்சில்லாத மெல்லிய நைலான் துணி மீனுக்கு நல்லதே. அதனை வாங்கி மரவளையத்தில் தைத்துக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் மலிவென்று வாங்கும் கரடுமுரடான முடிச்சு வலை, சாக்கைப் போலவே செதிலைப் பெயர்க்கும். மேலும், மட்காமை என்னும் அதே குணத்தால், கிழிந்து குளத்தில் எறியப்பட்ட நைலான் ஆமையையும் தண்ணீர்ப்பாம்பையும் ஆண்டுக்கணக்கில் மாட்டிக் கொல்லும். தன் கையால் செய்த வலையோ, ஒரு கண் அறுந்தாலும் அன்றிரவே பின்னிச் சரிசெய்யப்படும். செய்யத் தெரிந்தவனுக்கே செப்பனிடவும் தெரியும். இதுவே கைவேலையின் பெரிய அனுகூலம்.

வலை நல்லதாயினும் உபயோகிக்கும் முறை தவறினால் பயனில்லை. காலைக் குளிர்ச்சியில் மீன் பிடித்தல், வலையையும் கையையும் முன்னரே நனைத்தல், வலையை மீனின் கீழ் நுழைத்து நீருடன் ஏந்துதல், திருப்பி விடுவதை எறியாமல் நீருக்குள் நழுவவிடுதல் ஆகிய நான்கும் அவசியம்.

1957-ஆம் ஆண்டு கட்டாக்கில் ஹீராலால் சௌதுரியும் அலிகுன்ஹியும் ஊசி மருந்தின் மூலம் கெண்டையினங்களை முட்டையிடச் செய்வதில் வெற்றி கண்டனர். அதற்கு முன் குஞ்சுகளை ஆறுகளில் திரட்ட வேண்டியிருந்தது. பண்ணைகளில் குஞ்சு எளிதில் கிடைப்பதாலேயே அதன் அருமையை மறத்தல் தகாது.

ஊர்ப் பொதுக் குளங்களின் மீன் குத்தகையைக் கவனிக்கும் கிராம அதிகாரிகளுக்கும் இதில் கடமை உண்டு. எடை குறைந்த மீனைக் கைவலையால் ஏந்தி உயிருடன் திருப்பி விடவேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனைகளில் ஒன்றாகச் சேர்க்கலாம். வலைக்குக் கவை தேடுவோர் ஏரிக்கரை மரங்களில் கைவையாதபடி பார்ப்பதும் அவர்கள் பொறுப்பே. வேலை குறைந்த கோடையில் வீட்டுக்கொரு கைவலை செய்யப்படுமாயின், அடுத்த பருவத்தில் கரை ஒதுங்கும் செத்த மீன் குறையும் என்பது திண்ணம்.