கடைத்தெருவுக்கு ஓர் இரவு

புதுக்கோட்டை மாவட்டத்துக் கறம்பக்குடிக் கடைத்தெருவில் வியாபாரம் ஏன் படுத்துவிட்டது என்று கேட்டால் இரண்டு பதில் வரும். செல்போனில் ஆர்டர் போட்டால் சாமான் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது என்பது ஒன்று. கல்யாண ஜவுளிக்குத் தஞ்சாவூர், நகைக்குப் பட்டுக்கோட்டை, மற்றதுக்கெல்லாம் புதுக்கோட்டை என்று சனம் பஸ் ஏறிவிடுகிறது என்பது இன்னொன்று. இரண்டும் மெய்தான். ஆனால் சாமான் வாங்க மட்டுமா சுற்றுப்பட்டுச் சனம் இங்கே வந்துகொண்டிருந்தது? வந்த காரியம் முடிந்த பிறகும் ஒரு நாழிகை நின்று பேச, வேடிக்கை பார்க்க, நாலு பேரைப் பார்த்துவிட்டுப் போக வந்தது. நின்ற காலுக்குத்தான் டீயும் வடையும் வளையலும் வாழைப்பழமும் விற்றன. இன்று சீனிக்கடை முக்கத்தில் இருட்டிய பிறகு நிற்க ஒருவருக்கும் ஒரு காரணமும் இல்லை.

அந்தக் காரணத்தை உண்டாக்குவதைப் பற்றித்தான் இந்த இதழில் பேச்சு. புதிய வணிக வளாகம், நிழற்குடை, எல்இடி விளக்கு எல்லாம் அரசு நிதியில் வரும், வரட்டும். நாம் கேட்பது அதைவிட மலிவானது, கிடைப்பது அதைவிடக் கடினமானது. மாதத்தில் ஓர் இரவு, கடைத்தெருவில், நம் கலைஞர்கள்.

கலைஞர்களுக்கு எங்கே போவது என்று யாரும் கேட்க முடியாத வட்டாரம் இது. நாட்டுப்புறப் பாடல் என்றால் தமிழ்நாடு முழுக்க அறிந்த மழையூர் சதாசிவத்தின் மழையூர் பக்கத்தில் இருக்கிறது. 2018இல் விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் மேடையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று பட்டம் வென்ற செந்தில்கணேஷ் இதே மாவட்டத்துக் களபத்துக்காரர். புதுக்கோட்டையிலோ நாடக நடிகர் சங்கமே இருக்கிறது. பி.யு. சின்னப்பா பிறந்த ஊர் அல்லவா. சினிமாவுக்குப் போகுமுன் அவரும் பாய்ஸ் கம்பெனியில் பாடி நடித்த பிள்ளைதான். அவர் சம்பாதித்ததையெல்லாம் புதுக்கோட்டையில் வீடு வாங்கியே தீர்த்தார் என்றும், இனி வாங்கக் கூடாதென்று மன்னரே தடை போட்டார் என்றும் சொல்வார்கள். எவ்வளவு நிஜமோ, கேட்க நன்றாக இருக்கிறது.

ஸ்பெஷல் நாடகத்தின் விசேஷம் வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் திண்டுக்கல்லிலிருந்து வருவார், பபூன் புதுக்கோட்டை, ஆர்மோனியம் காரைக்குடி. தனித்தனியாகத் தேதி கொடுத்து, தனித்தனியாக பஸ்ஸில் இறங்கி, ஒத்திகை என்று ஒன்று இல்லாமல், பத்து மணிக்கு மேடையேறி விடியவிடிய வள்ளி திருமணம் நடத்திவிட்டுப் போவார்கள். 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுவைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தச் சட்டத்துக்குள் நின்றுகொண்டு அன்றைக்கு மனதில் தோன்றியதைப் பேசிச் சபையைப் பிடிப்பதில்தான் திறமை. நாரதர் வள்ளியோடு தர்க்கத்தில் இறங்கினால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் யார் பக்கம் பேச்சு சாய்கிறது என்று கணக்கு வைத்துக்கொண்டே வருவார்கள். அமெரிக்காவிலிருந்து மானிடவியல் ஆய்வாளர் சூசன் சைசர் வந்து இந்தக் கலைஞர்களோடு பழகி 2005இல் ஒரு பெரிய புத்தகமே போட்டுவிட்டார். நம் கல்லூரிகளில் எத்தனை தமிழ்த்துறைகள் ஒரு நாடக இரவை உட்கார்ந்து பார்த்திருக்கும்?

நாடகம் நடக்கும் ஊரில் அன்றிரவு நடக்கும் வியாபாரத்தையும் பார்க்க வேண்டும். சாயங்காலமே பலூன்காரர் வந்துவிடுவார். வளையல் கடை, மிளகாய் பஜ்ஜி, ஐஸ் வண்டி, பொரி கடலை. பெட்ரோமாக்ஸ் போய் பேட்டரி பல்பு வந்ததைத் தவிர அந்தக் கடைகளில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. பின்னிரவு மூன்று மணிக்குத் தூக்கம் சொக்கும்போது டீக்கு ஒரு வரிசை நிற்கும். ஒரு மேடை, நாலு குழல் விளக்கு, ஒரு ஆர்மோனியம் சேர்ந்து ஒரு பொட்டலை ஓர் இரவுக்குக் கடைவீதி ஆக்கிவிடுகின்றன. பொட்டல் கடைவீதியாகும்போது, கடைவீதி பொட்டலாகக் கிடப்பதைச் சகித்துக்கொண்டு இருப்பானேன்?

கோயில் திருவிழாவில்தான் நாடகம் நடக்கிறதே, கடைத்தெருவுக்கு எதற்கு என்பார்கள். இங்கேதான் நமக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. கோயில் நாடகம் தலைக்கட்டு வரியில் நடக்கிறது. வரி கொடுப்பவர் யார், யாரிடம் வரி வாங்குவதில்லை, முதல் மரியாதை யாருக்கு, பாயை எங்கே விரிப்பது என்று அதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அந்தக் கணக்கு எவ்வளவு கொடியது என்பதை, தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வேங்கைவயலைப் பார்த்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடைத்தெருவில் வரி கொடுத்த தலைக்கட்டு, கொடுக்காத தலைக்கட்டு என்று கிடையாது. காசு கொடுத்தால் டீ. கடைத்தெருவிலும் சாதி இருக்கிறது, எந்தக் கடை யாருடையது, எந்தக் கட்டடம் யாருடையது என்று நமக்குத் தெரியாதா? ஆனாலும் ஊரில் மிச்சமிருக்கும் பொதுவிடங்களில் சந்தையும் பேருந்து நிலையமும் திடலும்தான் ஓரளவுக்கு எல்லோருக்குமானவை. அங்கே ஒரு மேடை போட்டால் அதன் முன்னால் உட்காருகிற ஒழுங்கைப் புதிதாக வகுக்கலாம்.

பெண்கள் விஷயமும் இதுதான். இரவு எட்டு மணிக்கு மேல் கடைத்தெரு ஆம்பளைகளுக்கு எழுதிவைத்த சொத்து ஆகிவிடுகிறது, அதிலும் பாதி டாஸ்மாக் பாட்டிலோடு வருகிறவர்களுக்கு. மாற்ற முடியாத விஷயமா இது? 1991இல் எழுத்தறிவு கொடுக்க வந்த அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தில் என்ன செய்தது என்பதை நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட எவரிடமும் கேட்கலாம். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலம். கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய்த் தெருமுனையில் பாட்டும் நாடகமும் போட்டன. அந்தப் பாட்டைக் கேட்டுப் படிக்க வந்த பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கல்லுடைக்கும் பெண்கள், வயல்வேலைக்குப் போகும் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் கேரியரில் பிள்ளையையும் ஹேண்டில்பாரில் தண்ணீர்க் குடத்தையும் வைத்துக்கொண்டு ரோட்டில் போனதைப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி உலகம் படித்தது. பெண்கள் சைக்கிள் கேட்டுக் கடைக்கு வந்ததும் வியாபாரமும் ஏறியது. தெருவில் போட்ட ஒரு பாட்டு கடைக்காரரின் கல்லாவரை போய்ச் சேர்ந்ததற்கு நம்மூர்ச் சாட்சி இருக்கும்போது, வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை. பிறகு 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் பந்தலிலும் பாட்டும் பறையும்தான் சனத்தை நாள்கணக்கில் உட்காரவைத்தன. அதில் கணிசம் பெண்கள்.

சரி, தடை எங்கே? முதலில் மணி. ஒலி மாசு விதிகள், 2000இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய நிகழ்ச்சிகளுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாள் மட்டும், அதுவும் நள்ளிரவு 12 வரைக்கும் தளர்த்தலாம். 2005இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. பத்து மணிக்குத் தொடங்கி விடியலில் முடிகிற ஒரு கலைவடிவம் சட்டப்படி ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டது என்று பொருள். நடக்கிறதென்றால் பாதிக்கு மேல் கண்டும் காணாமல் விடுவதில் நடக்கிறது. இந்த விதியை நாம் கிண்டலடிக்கவில்லை. ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஒரு சிறுமியின் கதறல் யாருக்கும் கேட்காமல் போன கொடுமையைச் சுட்டித்தான் அந்த வழக்கே தொடுக்கப்பட்டது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் படுக்கையில் கிடக்கிற கிழவரும் ஊரில் உண்டு. ஆனால் சினிமாப் பாட்டுக்கு ஆடும் ஆடல் பாடலுக்கும், ஒரு ஆர்மோனியத்துக்கும் அனுமதி மனுவில் ஒரே கட்டம்தான் இருக்கிறது என்பது அநியாயம். நாடகத்துக்கு இதைவிடப் பெரிய விலங்கு ஒன்று இருந்தது. 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டப்படி நாடகப் பிரதியை முன்கூட்டியே போலீசிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்குப் போட்டு, 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உடைத்தது. அந்தச் செய்தி ஸ்டேஷன்களுக்கெல்லாம் வந்து சேர்ந்ததா என்பது வேறு.

இரண்டாவது தடை, டீக்கடையை அடைக்கச் சொல்லும் லத்தி. 24 மணி நேரமும் கடை திறக்கலாம் என்று 2019இல் தமிழக அரசு ஆணை போட்டது, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகளுக்கு. நம்மூர் டீக்கடையில் மாஸ்டரும் எச்சில் கிளாஸ் எடுக்கும் பையனும் சேர்த்து இரண்டு பேர்.

சென்னையில் 2007இல் சென்னை சங்கமம் தொடங்கியபோது பூங்காக்களிலும் கடற்கரையிலும் கரகமும் ஒயிலும் தப்பாட்டமும் வந்து இறங்கின. இடையில் நின்று, 2023இல் அரசே நம்ம ஊரு திருவிழா என்ற பெயரில் திரும்பத் தொடங்கி, பிறகு மற்ற பெருநகரங்களுக்கும் கொண்டுபோனது. நல்லதுதான், கலைஞர்களுக்கு நாலு நாள் சம்பளம். ஆனால் அது புதுக்கோட்டைக் கலைஞரைப் பஸ் ஏற்றி நகரத்துக்கு அனுப்பும் ஏற்பாடு. நகரத்துக்காரர் செல்பி எடுத்துக்கொண்டு போவார், கலைஞர் ஊர் திரும்புவார், அவருடைய கடைத்தெரு அப்படியே இருட்டில் இருக்கும். பேரூராட்சி மட்டத்தில் இப்படி ஒரு செலவினத் தலைப்பு உண்டா?

சின்ன ஊரால் முடியுமா என்பவர்களுக்குக் கர்நாடகத்து ஹெக்கோடு. சிவமொக்கா மாவட்டம், சாகர் பக்கம், பாக்குத் தோப்புக்காரர்களின் கிராமம். கறம்பக்குடியைவிடப் பலமடங்கு சிறியது. 1949இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து நீநாசம் என்ற நாடகக் குழு தொடங்கினார்கள். கே.வி. சுப்பண்ணா என்ற பாக்கு விவசாயி, பதிப்பாளர், அதை வளர்த்தார். 1970களில் திரைப்படச் சங்கம் வைத்துச் சத்யஜித் ராயையும் குரோசாவாவையும் கிராமத்தாருக்குப் போட்டுக் காட்டினார். 1980இல் நாடகப் பள்ளி, 1985இல் கர்நாடகம் முழுக்கச் சுற்றும் திருகாட்ட நாடகக் குழு. 1991இல் அவருக்கு மகசேசே விருது. அவர்கள் பெங்களூரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கவில்லை.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துப் பதூகா என்ற ஆற்றங்கரை ஊர் வேறு வழி பிடித்தது. பாழடைந்த பழைய குடியிருப்புப் பகுதிக்கு 2000இல் ஓவியர்களையும் கைவினைஞர்களையும் வெளியிலிருந்து கூப்பிட்டு, மலிவு விலைக்கு வீடும் உள்ளூர் வங்கிக் கடனும் கொடுத்துக் குடியமர்த்தியது. அதைப் பார்த்துப் பல ஊர்கள் கிளம்பின. இந்த வழியில் ஒரு வினையும் உண்டு. கலை வந்து தெரு அழகானதும் வாடகை ஏறும், ஏறியதும் முதலில் கிளம்புவது கலைஞரும் சிறு கடைக்காரரும். நமக்கு வெளியிலிருந்து யாரையும் குடியேற்றத் தேவை இல்லை. நம் ஆட்களுக்கு நம் தெருவில் இடம் விட்டால் போதும்.

பணம்? இதற்கு வெளிநாடு போக வேண்டாம், கீரமங்கலம் வடகாடு பக்கம் போனால் போதும். ஆடி பிறந்தால் மொய் விருந்துப் பந்தல். கறிச்சோறு போட்டு, நோட்டைத் திறந்து வைத்து, ஒரே நாளில் லட்சங்களைப் புரட்டுகிற தொழில்நுட்பம் நம்முடையது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் ஒருவர் வைக்க வேண்டும் என்பது கட்டுப்பாடு. செலவைக் குறைக்கப் பத்துப் பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைக்கவும் செய்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தபோது இந்த மொய்ச் சுழற்சியே ஆட்டம் கண்டது. ஆனாலும் அழியவில்லை. 2022இல் இலங்கை நெருக்கடியில் தவித்தபோது ஆலங்குடி வட்டாரத்து டீக்கடைக்காரர் ஒருவர் தேநீர் மொய் விருந்து வைத்துப் பணம் திரட்டினார். கடல் கடந்தவர்களுக்கு மொய் எழுதியவர்கள் கடைத்தெருவுக்கு எழுத மாட்டார்களா? வர்த்தகர்கள் ஒரு மொய் நோட்டைத் திறக்கட்டும். ஜவுளிக்கடைக்காரர் ஒரு மாதம், நகைக்கடைக்காரர் ஒரு மாதம், ஓட்டல்காரர் ஒரு மாதம். யார் எவ்வளவு எழுதினார் என்பது எல்லோருக்கும் தெரியும்படி எழுதப்பட்டால், இந்த மண்ணில் யாரும் குறைத்து எழுதமாட்டார்.

இரண்டு நிபந்தனை. மேடையில் அரசியல்வாதிக்குப் பொன்னாடை போர்த்தும் சடங்கு கூடாது. அரைமணி நேரம் பெயர் வாசிப்பதில் சனம் எழுந்து போய்விடும். இரண்டாவது, கலைஞர் சம்பளத்தை மேடையேறும் முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும். சேவை என்ற பெயரில் அவர்களை இளிச்சவாயர்களாக்கிய காலம் போதும்.

தொடங்கும் மாதம் எது என்பதையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். பங்குனி தொடங்கி ஆடி, ஆவணிவரை கலைஞர்களுக்குத் தேதி கிடைப்பதே கஷ்டம், திருவிழாக்காலம். புரட்டாசிக்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழியிலோ தையிலோ ஆரம்பித்தால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும், நமக்கும் தேதி கிடைக்கும். இடம் வள்ளுவர் திடல். பத்து மணிக்குள் முடிய வேண்டும் என்றால் ஏழு மணிக்குத் திரை விலக வேண்டும். மூன்று மணி நேரத்தில் வள்ளி திருமணத்தை எங்கே வெட்டுவது என்பதை நாமும் இன்ஸ்பெக்டரும் உட்கார்ந்து முடிவுசெய்யக் கூடாது, நாடக நடிகர் சங்கத்திடம் கேட்க வேண்டும். எங்கள் விருப்பம் கேட்டால் பபூன் காமிக்கில் ஒரு வார்த்தை குறையக் கூடாது, நாரதர் தர்க்கம் முழுசாக வேண்டும். முருகன் கொஞ்சம் தாமதமாக வந்து சீக்கிரம் கல்யாணத்தை முடித்துக்கொண்டாலும் பரவாயில்லை.