போராளியின் வீட்டாரையும் கவனிப்போம்

போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. அதன் பின்னர் சுமார் 12,000 முன்னாள் போராளிகள் அரசாங்கத்தின் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டு, கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டனர். தொழிற்பயிற்சி கொடுத்தார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள். ஆனால் அவர்களை வரவேற்க வேண்டிய வீட்டுக்கு என்ன ஆயத்தம் செய்யப்பட்டது என்று கேட்டால் பதில் இல்லை. வீடு என்று சொல்வதும் பல இடங்களில் பொருந்தாது. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோதும், படைமுகாமுக்குள் அகப்பட்ட காணிக்காரர் தங்கள் வளவுக்குப் போகவில்லை. வேறொரு கொட்டிலுக்கே போனார்கள்.

அந்தக் கொட்டிலுக்குத்தான் மகனோ மகளோ கணவனோ திரும்பி வந்தார். இரவில் நித்திரை இல்லை. சாமத்தில் எழும்பி வளவைச் சுற்றி நடக்கிறார். கலியாண வீட்டில் வெடி கொளுத்தினால் கை நடுங்குகிறது. சின்ன விடயத்துக்குப் பெரிய கோபம் வருகிறது. பிறகு நாட்கணக்கில் பேச்சில்லை. நாங்கள் “அவர் ஒரு மாதிரித்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். சிலர் பேய் பிடித்தது என்கிறார்கள். வைத்தியர்கள் இதை மனவடு என்கிறார்கள். பெரும் நெருக்கீட்டுக்கு உள்ளான எவருக்கும் வரக்கூடிய நோய் இது, குணப்படுத்தவும் கூடியது.

கமக்காரர் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. உடம்புக்குள் ஷெல் துண்டுகளோடு வாழ்பவர்கள் எம்மிடையே பலர். குனிந்து களை பிடுங்க முடியாது, மருந்துத் தாங்கியை முதுகில் சுமக்க முடியாது. வெயில் ஏற ஏறத் தலையிடி. பார்த்தால் ஆரோக்கியமான ஆள். வேலைக்கு வராவிட்டால் ஊர் சோம்பேறி என்கிறது. நோவை மறக்கக் கசிப்புக் குடிப்பவருக்குக் குடிகாரர் என்ற பெயரும் சேர்கிறது. வரம்பில் நின்று இப்படிப் பேசுகிறவர்களும் நாங்கள்தான்.

இவற்றையெல்லாம் தாங்குவது மனைவியும் தாயும் பிள்ளைகளும். மனைவி கிளினிக்குக்குப் போனால் நெஞ்செரிவு, உடல் அலுப்பு, தலைச்சுற்று என்றுதான் சொல்லுவாள். வீட்டில் நடப்பதைச் சொல்ல மாட்டாள். மாத்திரையோடு திரும்பி வருவாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காது. அப்பா எங்கே இருந்தவர், என்ன செய்தவர் என்று எவரும் கேட்டுவிடக்கூடாது என்ற பயம். இயக்கத்தில் இருந்து வந்த பெண்ணின் நிலை இன்னும் கடினம். அவளுக்கு வரன் பேசும்போது ஊர் வாய் என்னென்ன சொல்லும் என்பதை நாம் எழுதத் தேவையில்லை.

உதவி ஏன் எட்டவில்லை? போர் முடிந்த பின் சில ஆண்டுகள் வன்னியில் உளசமூகப் பணி செய்ய அனுமதி பெறுவதே பெரும்பாடாக இருந்தது. அதைவிடப் பெரிய தடை பயம். விடுதலையானவர்கள் படையினரிடம் போய்க் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. புலனாய்வாளர் வீட்டுக்கு வந்து விபரம் எழுதினார்கள். அந்த வீட்டில் கொப்பியும் பேனையுமாக இன்னொருவர் வந்து உட்கார்ந்து “மனம் விட்டுப் பேசுங்கோ” என்றால் யார் பேசுவார்? ஆகவே நாம் அழுத்திச் சொல்வது இது: கேட்பதை வெளியே சொல்லாதவர், பெயர்ப்பட்டியல் எழுதாதவர், ஒரே ஆளாகத் தொடர்ந்து வருபவர். அப்படிப்பட்ட உளவளத்துணையாளரே இந்த வீடுகளுக்குத் தேவை. மூன்று மாதத் திட்டத்தோடு வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் வராமலே இருக்கலாம். இது திருச்சபையின் பணியாளர்களுக்கும் பொருந்தும்.

மறுபக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் வறுமையால் படைக்குப் போன பிள்ளைகளின் வீடுகளும் கமக்காரர் வீடுகளே. அவர்களுக்கு 1999 ஆம் ஆண்டின் சட்டப்படி ரணவிரு சேவா அதிகாரசபை உண்டு, ஓய்வூதியம் உண்டு. எமது வீடுகளுக்கு அவை இல்லை. இந்த வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நித்திரையில்லாத இரவு அங்கேயும் அதே இரவுதான். 2016 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த காணாமற்போனோர் அலுவலகத்தின் பொறுப்பில், போரில் காணாமற்போன படையினரும் அடங்குவர். உடலைக் காணாத தாய் அழுது முடிக்க முடியாமல் இருப்பது எந்த மொழியிலும் ஒன்றே.

அயலவர் செய்யக்கூடியவை சில உண்டு. போரில் என்ன நடந்தது என்று தோண்டிக் கேட்க வேண்டாம். அவராகச் சொன்னால் இடையில் வெட்டாமல் கேளுங்கள். வாய்க்கால் துப்புரவுக்கும் சூடடிப்புக்கும் அவரைக் கூப்பிடுங்கள், முடிந்த வேலையைக் கொடுங்கள். மாத்திரையை இடையில் நிறுத்த விடாதீர்கள். உயிரை மாய்ப்பதைப் பற்றிப் பேசினால் விளையாட்டாக எடுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் தொலைபேசி எடுக்கலாம்.

இன்னொன்று. மனநலக் கிளினிக்கும் கமநல சேவை நிலையத்தில் உரம் கொடுப்பதும் ஒரே நாளில் வந்தால், எந்தக் குடும்பமும் உரத்துக்குத்தான் போகும். காலபோகத்துக்கு முன்னர் நடக்கும் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் இதை எழுப்பி, நாட்களை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.