மணி அடித்தால் சாப்பாடு

கொல்கத்தாவில் நட்சத்திர ஹோட்டல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஊரை நன்றாகத் தெரிந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஃபேர்லானுக்குத்தான் போவார்கள். லிஃப்டுக்கோ நீச்சல் குளத்துக்கோ அல்ல. அங்கே ஒரு வீடு இருந்தது. வீட்டுக்கார அம்மாளும் இருந்தார்.

ஃபேர்லான் இருக்கும் சதர் ஸ்ட்ரீட் அமைதிக்குப் பெயர் போனதல்ல. தெருமுனையில் இந்திய அருங்காட்சியகம். உள்ளே நடந்தால் மலிவு லாட்ஜுகள், முதுகில் மூட்டையுடன் வெளிநாட்டு இளைஞர்கள், விடாமல் பின்தொடரும் தரகர்கள். 1882இல் இதே தெருவில் 10ஆம் எண் வீட்டில் தங்கியிருந்தபோதுதான், மரங்களுக்குப் பின்னாலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்துப் பரவசமானார் இளைஞர் தாகூர். இன்று தெருவில் அந்த மரங்களைத் தேட வேண்டும். ஃபேர்லானின் கேட்டைத் தாண்டினால் மட்டும் சட்டென்று நிழல், செடிகள், பச்சைப் பெயிண்ட், பிரம்பு நாற்காலிகள்.

வீடு 1783இல் கட்டப்பட்டது. 1936இல் இதை வாங்கியவர் ரோசி சர்க்கீஸ் என்ற ஆர்மீனியப் பெண்மணி. துருக்கியில் நடந்த படுகொலைக்குத் தப்பி டாக்காவில் குடியேறிய குடும்பம் அது. அவருடைய மகள் வயலட், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டெட் ஸ்மித்தை மணந்தார். கணவனும் மனைவியுமாக விடுதியை நடத்தினார்கள். அவருக்குப் பிறகும் வயலட் விடவில்லை.

1947இல் வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய செய்தி ஃபேர்லானுக்கு மட்டும் எட்டவில்லையோ என்று தோன்றும். சுவர் நிறைய இங்கிலாந்து ராஜ குடும்பத்தின் படங்கள். வெள்ளைச் சீருடைப் பணியாளர்கள். சாப்பாட்டு நேரத்தில் வெண்கலத் தட்டுமணி ஒலிக்கும். எல்லோரும் ஒன்றாகப் போய் உட்கார வேண்டும். சசி கபூரும் ஜெனிஃபர் கெண்டலும் தேனிலவுக்குத் தங்கியது இங்கேதான் என்பது விடுதியின் பெருமை. அந்த அறைக்குச் சசி கபூரின் பெயரே நிலைத்துவிட்டது.

பழைய ஆட்சிக்கு ஏங்கும் அருங்காட்சியகம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. கேலியில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தச் சுவர்களை வேறு விதமாகவும் படிக்கலாம். சொந்த நாட்டை இழந்து வந்தவர்களின் மகள், கணவரின் நாட்டுப் படங்களை மாட்டி, வங்காளத்தில் தனக்கென்று அமைத்துக்கொண்ட வீடு அது. கல்கத்தாவை விட்டு ஆர்மீனியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் அலை அலையாக ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனபோது வயலட் போகவில்லை. உதட்டுச் சாயம் கலையாமல், கூந்தல் அலங்காரம் குலையாமல் விடுதியில் வலம் வந்தார். விருந்தாளிகளை விசாரித்தார், பிடிக்காததைக் கண்டித்தார். காசு கொடுத்தவர்கள் திட்டும் வாங்கிக்கொண்டு, அடுத்த முறையும் வந்தார்கள்.

2014இல், 93 வயதில் வயலட் காலமானார். சில ஆண்டுகளில் விடுதி எல்ஜின் குழுமத்தின் கைக்குப் போனது. டார்ஜிலிங்கிலும் காங்டாக்கிலும் ஹோட்டல் நடத்தும் நிறுவனம் அது. பெயர் ‘எல்ஜின் ஃபேர்லான்’ ஆயிற்று.

இதற்காக வருத்தப்படுவதற்கு முன் அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கொல்கத்தாவில் பழைய வீட்டை வாரிசுகள் விற்றால், வாங்குபவர் பெரும்பாலும் அடுக்குமாடி கட்டும் ‘ப்ரமோட்டர்’. தூணும் வராந்தாவும் இரவோடு இரவாக இடிபடும். ஃபேர்லானுக்கு அந்தக் கதி வரவில்லை. 1783இன் சுவர்கள் நிற்கின்றன. அதுவே பெரிய அதிர்ஷ்டம்.

சுவரைக் காப்பாற்றலாம், பெயிண்டைக் காப்பாற்றலாம், தட்டுமணியைக்கூடப் பாதுகாக்கலாம். நல்ல நிர்வாகிகளுக்கு அது முடியும். மணி அடித்தும் வராத விருந்தாளியை ‘எங்கே போய்த் தொலைந்தாய்?’ என்று உரிமையோடு கேட்க மட்டும் நிர்வாகியால் முடியாது. அதற்கு வீட்டுக்காரர் வேண்டும்.