ஓடாத சைக்கிளுக்கு இரண்டு ஃபேன்

கார்த்திகையில் மட்டக்களப்பு வாவி பொங்கத் தொடங்கினால் என் சைக்கிள் விறாந்தையில் ஏறிவிடும். கல்லடியிலிருந்து 1924இல் கட்டிய பழைய பாலத்தால் புளியந்தீவுக்குப் போய், கோட்டையைச் சுற்றி, காந்தி பூங்காவுக்குக் கிட்ட ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்புவது என் காலை வழக்கம். மாரியில் அது நின்றுபோகும். சீனி வருத்தக்காரன் இரண்டு மாதம் கதிரையில் குந்தியிருந்தால் தை மாதக் கிளினிக்கில் இரத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

சுவிஸில் இருக்கும் மருமகன்தான் வழி சொன்னான். "மாமா, வீட்டுக்குள்ளேயே ஓடுங்க. பின் சில்லைக் கழற்றிப்போட்டு ட்ரெய்னரில மாட்டினாச் சரி. திரையில மலை வரும், மறுகா ட்ரெய்னர் தானாவே இறுகும்."

மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஓடுறதுக்கு ஒரு சைக்கிள் வாங்கினீங்க. இப்ப ஓடாம நிற்கிறதுக்கும் சாமான் வாங்கணுமா?"

அவள் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. ஆனால் நின்ற இடத்தில் மிதிப்பது நமக்குப் புதிதும் இல்லை. சாணைக்காரர் மிதித்தார். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாமல் கிடந்த வருடங்களில், ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிளை ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலி பாட, வீட்டார் சுற்றியிருந்து பிபிசி தமிழோசை கேட்டார்கள். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் தேயும். 2014இல், வீட்டுக்குள் மிதிப்பவரைத் திரையில் ஓடவைக்கும் ஸ்விஃப்ட் என்ற அமெரிக்கச் செயலி வந்து, 2020இல் உலக சைக்கிள் சம்மேளனம் இதற்கென்று ஓர் உலக சாம்பியன்ஷிப் போட்டியே வைத்தது. நம்மவர்களுக்கு அந்தக் காலத்தில் பதக்கம் கொடுக்க ஆளில்லை.

சரி, சாமானுக்கு வருவோம். முதலில் அப்பாவின் பழைய சைக்கிளை மாட்டலாம் என்று நினைத்து ஒட்டுக்கடைத் தம்பியிடம் கொண்டுபோனேன். மருமகன் அனுப்பிய படத்தை வெகுநேரம் பார்த்தான். "இது சரிவராது சேர்" என்றான். மருமகன் சொன்ன ட்ரெய்னரில் பின் சில்லுக்குப் பதிலாக ட்ரெய்னரே நிற்கும். அதில் பற்சக்கர அடுக்கு இருக்கும். அதற்குக் கியர் சைக்கிள் வேண்டும், பின்கவையின் அகலம் குறைந்தது 130 மில்லிமீற்றராவது வேண்டும். அப்பாவின் ஒற்றைப் பற்சக்கரச் சைக்கிளின் கவை அதைவிட ஒடுக்கம். சில்லைக் கழற்றாமல் ரயரை உருளையில் அழுத்தி ஓடும் மற்ற வகையும் இலேசில்லை. அது பின் அச்சின் இரண்டு முனையையும் கவ்விப் பிடிக்க வேண்டும். நம் சைக்கிளிலோ கரியர் கம்பி, மட்காட் கம்பி, ஸ்டாண்ட் எல்லாம் அந்த அச்சின் நட்டுக்குள்தான் குடியிருக்கின்றன. கவ்வ இடமில்லை.

ஆகவே 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று வெறுத்துப்போய் வாங்கிய பழைய கியர் சைக்கிளே கதி. அதிலும் முள்ளுமுள்ளான ரயரைக் கழற்றி வழுவழுப்பான ரயர் போடச் சொன்னான் தம்பி. முள்ளு ரயர் உருளையில் ஓடினால் அரிசி ஆலை மாதிரிச் சத்தம் வருமாம். அயல்வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கிறது.

அடுத்தது எது வாங்குவது. விலையுயர்ந்தவற்றில் இருபது சதவீதச் சரிவு வரைக்கும் காலுக்கு உணர்த்தும் ட்ரெய்னர்கள் உண்டு. ஸ்விஃப்டில் பிரான்சின் அல்ப் துவே மலையைப் பார்த்துச் செய்த ஓர் ஏற்றம் இருக்கிறது: 12 கிலோமீற்றர், 21 வளைவு, ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரம். நான் தினமும் ஏறுகிற பெரிய மலை கல்லடிப் பாலத்தின் ஏறுமுகம். சமதரையான எழுவான்கரையில் பிறந்தவன் இருபது சதவீதச் சரிவுக்குக் காசு கொடுப்பது, கடலைக் காணாதவன் தோணி வாங்குவது மாதிரி.

இன்னொரு சங்கதி, கரண்ட். மாரியில் மரக்கொப்பு ஒன்று முறிந்தால் போதும், ஊரே இருட்டு. டாக்ஸ் நியோ என்ற ட்ரெய்னர் கரண்ட் இல்லாமலும் ஓடும், நாம் மிதிப்பதே அதற்கு மின்சாரம். ஆசைப்பட்டேன். விலையைப் பார்த்தபின் ஆசை போனது. அதோடு ட்ரெய்னர் மட்டும் ஓடி என்ன? வைஃபை படுத்துவிடும். ஃபேன் நின்றுவிடும்.

அந்த ஃபேன்தான் நான் சொல்லவந்தது. மருமகன் அனுப்பிய பட்டியலில் ட்ரெய்னர், சென்சர், விரிப்பு, துவாய் எல்லாம் வந்து, கடைசியில் ஒரு சின்ன ஃபேன். குளிர்தேசத்துப் பட்டியல். அங்கே கார்த்திகையில் யன்னலைத் திறந்தால் போதும். இங்கே திறந்தால் நுளம்புதான் வரும். உடம்பு நல்ல இயந்திரமில்லை. கால் 100 வாட் வேலை செய்தால் 300, 400 வாட் வெறும் சூடாகப் போகிறது. ஒரு சின்ன ரைஸ் குக்கரை நெஞ்சில் கட்டிக்கொண்ட மாதிரி. வீதியில் ஓடும்போது நம் வேகமே காற்றாக அடித்து வியர்வையைக் காயவைக்கும். அறைக்குள் அது இல்லை. வாவி ஒருபக்கம், கடல் மறுபக்கம் என்று காற்றே ஈரச்சேலை மாதிரிக் கிடக்கும் ஊரில் வியர்வை காயாது, சொட்டும். உப்புக்காற்றே சைக்கிளைத் தின்னும் இடத்தில், வியர்வையும் கான்டிலின் பூட்டுக்குள் இறங்கினால் ஒரு மாரியிலேயே கறள் பிடித்துவிடும்.

எனவே பட்டியலைத் தலைகீழாக்கினேன். முதலில் இரண்டு ஸ்டாண்ட் ஃபேன், ஒன்று முகத்துக்கு, ஒன்று முதுகுக்கு. பிறகு கான்டிலில் போட ஒரு பழைய துவாய். மூன்றாவதாகத்தான் ட்ரெய்னர்: ரயரை அழுத்தும் சாதாரணக் காந்த வகை, கரண்டே கேட்காதது. பின் சில்லில் ஒரு வேக சென்சர். சில்லு சுற்றும் வேகத்தையும் ட்ரெய்னரின் பெயரையும் வைத்து எத்தனை வாட் என்று ஸ்விஃப்ட் குத்துமதிப்பாகக் கணக்குப் போடும். ரயரில் காற்றுக் குறைந்தால் கணக்கும் பிசகும், ஆகவே ஒவ்வொரு தடவையும் பம் அடிக்க வேண்டும். மாதம் 20 டொலர் கட்டணம் எனக்கு உறைக்கத்தான் செய்தது. இரண்டு மாதம் கட்டிவிட்டு நிறுத்தினேன்.

இந்த ட்ரெய்னரில் மலை வந்தாலும் என் காலுக்குத் தெரியாது. திரையில் இருக்கிற ஆள்தான் மெதுவாகி மூச்சு வாங்குவான். அவனுக்காக நான் கொஞ்சம் கூட மிதிப்பேன். அல்ப் மலையின் பாதியில் ஒருநாள் கரண்ட் போனது. ஆள் மறைந்தான், ஃபேன் நின்றது. ஓட்டில் மழையும் வெளியே தவளையும் மட்டும். பத்து நிமிடம் இருட்டில் சும்மா மிதித்துக்கொண்டிருந்தேன்.

தை பிறந்து வெயில் எறித்ததும் சைக்கிள் பாலத்துக்குத் திரும்பிவிட்டது. ட்ரெய்னர் கதவுக்குப் பின்னால் கிடக்கிறது. ஃபேன் இரண்டில் ஒன்று குசினியிலும் மற்றது மனைவியின் கட்டிலடியிலும் நிற்கின்றன. அடுத்த மாரிக்குத் திருப்பித் தருவாளா என்று இன்னும் கேட்கவில்லை.