விண்ணேறும் விளக்குகள்



ஆகஸ்டு 15 நமக்கு இரட்டைத் திருநாள். அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவும் நாட்டின் விடுதலை நாளும் ஒன்றாய் வருகின்றன. காலைத் திருப்பலி முடிந்ததும் கட்டுச்சோற்றுடன் முக்கொம்புக்குச் செல்வது நம் பங்கில் பல குடும்பங்களின் வழக்கம். இவ்வாண்டு இளைஞர்கள் ஒரு விண்ணப்பத்துடன் வந்தார்கள். மாலையில் மேலணையருகே ஐம்பது காகித விளக்குகளையும், மூவண்ண வாயு பலூன்களையும் வானில் விட வேண்டுமாம். "மாதா விண்ணேறிய நாள்தானே, சாமி!" என்றான் ஒருவன். கருத்து அழகாகத்தான் இருந்தது. ஆயினும் நான் இசையவில்லை. முகம் வாடிப் போனவர்களுக்கு நான் கடன்பட்ட விளக்கம் இது.

அவ்விளக்கு ஒரு காகிதப் பை. வாயில் மெல்லிய கம்பி வளையம். நடுவே மெழுகு ஊறிய துணி. தீயினால் உள்ளிருக்கும் காற்று சூடேறி இலேசாக, பை எழும்புகிறது. எழும்பிய பின் அதைத் திருப்பவோ இறக்கவோ எவராலும் இயலாது. ஆடிக் காற்று முக்கொம்பிலிருந்து எத்திசை நோக்கி வீசும் என்பதை நம்மவர்க்குச் சொல்ல வேண்டுமா? கிழக்கே திருவரங்கம், திருச்சி நகர். நகருக்கு அப்பால் விமான நிலையம். விளக்குகளில் பெரும்பாலானவை சில கிலோமீட்டரில் அணைந்து, யாருடைய வாழைத் தோட்டத்திலோ கூரையிலோ வீழும் என்பது மெய்யே. பலூன்களோ நெடுந்தொலைவு போகும்.

தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் லோய் கிராத்தோங் திருவிழாவின்போது வானெங்கும் விளக்குகள். அவற்றின் கம்பி விமான எஞ்சினுக்குள் இழுக்கப்படக்கூடும் என்பதால், அந்நாள்களில் அங்கே பல விமானங்கள் ஆண்டுதோறும் நிறுத்தப்படுகின்றன.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நடந்தது இன்னும் வருத்தமானது. 1986 செப்டம்பர் 27 அன்று, அறப்பணிக்கு நிதி திரட்டும் நல்ல நோக்குடன் ஏறத்தாழ 15 இலட்சம் பலூன்களைப் பறக்கவிட்டார்கள். குளிர்காற்றும் மழையும் அவற்றைக் கீழே தள்ளின. ஏரிக்கரை விமான நிலையத்தின் ஓடுபாதை அரைமணி நேரம் மூடப்பட்டது. ஈரி ஏரியில் காணாமற்போன இரு மீனவரைத் தேடிய காவற்படையினர், நீர்ப்பரப்பில் மிதந்த பலூன்களுக்கிடையே மனிதத் தலையைப் பிரித்தறியத் திணறினர். இருவரும் பின்னர் பிணமாகவே கிடைத்தனர். இதைப் படித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. முன்பொரு பங்கின் யூபிலி விழாவில் பலூன் கட்டின் நாடாவை வெட்டியவன் நானே. அவை எங்கே வீழ்ந்தன என்று அன்று நான் நினைத்தும் பார்க்கவில்லை.

2024 அக்டோபர் 11, ஆயுத பூசை மாலை நினைவிருக்கிறதா? சார்ஜாவுக்குப் புறப்பட்ட விமானம் ஹைட்ராலிக் பழுதினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானிலேயே வட்டமிட்டது. உள்ளே 140-க்கு மேற்பட்டோர். அதற்கும் பலூனுக்கும் தொடர்பில்லை; அது பத்திரமாய் இறங்கவும் செய்தது. ஆயினும், நம் தலைக்கு மேல் போவது வளைகுடாவில் உழைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளே என்பதை அன்று கண்டோம்.

புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் அங்கிருந்து வீழ்பவனின் இரத்தப்பழி அவ்வீட்டைச் சேரும் என்கிறது இணைச்சட்டம் 22-ஆம் அதிகாரம். வானத்துக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட நம்மால் ஆகுமா?

நூறு அகல் விளக்குகள் வாங்கியாயிற்று. பெருவிழா மாலை ஆறரை மணிக்கு மாதா கெபியின் படிகளில் ஏற்றுவோம். எண்ணெய் ஊற்றும் பொறுப்பை அந்த இளைஞர்களிடமே கொடுத்திருக்கிறேன். ஒருவன் மட்டும் இன்னும் என் முகம் பார்ப்பதில்லை.