எல்லைக்கோடு அப்புறம், சாக்கடை முதல்ல!

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே! தாய்மார்களே! இளைஞர்களே!



நம்ம ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப் போறாங்க என்ற பேச்சு டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. "நல்லதுதானே, ரோடு வரும், லைட்டு வரும், நிலம் விலை ஏறும்" என்று சிலர் சொல்கிறார்கள். விலை ஏறும், மறுக்கவில்லை. விற்கிறவனுக்கு அது லாபம். உழுகிறவனுக்கு என்ன லாபம்? காணி நிலம்கூட இல்லாமல் நாத்து நட்டு, களை பறித்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு என்ன லாபம்?

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரே வீச்சில் ஆணைகள் போட்டது. 16 மாநகராட்சிகளையும் 41 நகராட்சிகளையும் விரிவாக்குவது, 13 புதிய நகராட்சிகள், 25 புதிய பேரூராட்சிகள் அமைப்பது என்று அறிவித்தது. நூற்றுக்கணக்கான ஊராட்சிகளின் தலையெழுத்து அதில் இருந்தது. அந்த நேரத்தைக் கவனியுங்கள்! 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் அதே 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தேர்தல் நடத்தவில்லை, தனி அலுவலர்களிடம் சாவியைக் கொடுத்தார்கள். வீட்டுக்காரன் வெளியே போன நேரம் பார்த்து வேலியைப் பிடுங்குவது என்பது இதுதான். ஆட்சிக்கு வருகிற எல்லாக் கட்சிக்கும் இந்தப் பழக்கம் உண்டு. 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை மூன்று வருஷம் உள்ளாட்சித் தேர்தலே நடத்தாமல் ஓட்டினவர்களையும் நாம் மறக்கவில்லை.

சட்டம் என்ன சொல்லுது? அரசியல் சட்டத்தின் 243-கியூ பிரிவைப் படியுங்கள். ஒரு பகுதியை நகரம் என்று அறிவிக்க மக்கள்தொகை, நெருக்கம், வருமானம் இவற்றோடு, விவசாயம் அல்லாத தொழிலில் எத்தனை சதவீதம் பேர் இருக்கிறார்கள் என்றும் பார்க்கச் சொல்கிறது. நம்ம ஊரில் யார் வந்து எண்ணினார்கள்? எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள்? மாடு கட்டியிருக்கிற வீடு எத்தனை, கலப்பை சாத்தியிருக்கிற வீடு எத்தனை என்று எந்த அதிகாரிக்காவது தெரியுமா?

சேர்ந்தால் நாம் இழப்பது என்ன?

முதலாவது, வேலை. 2005-ம் வருஷச் சட்டத்தின் நூறு நாள் வேலையானாலும் சரி, அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் 125 நாளானாலும் சரி, இரண்டுமே கிராமத்துக்கு மட்டும்தான். ஊர் நகரமான மறுநாளே அந்த அட்டை வெறும் அட்டை. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை பார்த்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று 2022-ல் சோதனையாக ஒன்று ஆரம்பித்தார்கள். அது திட்டம், சட்டம் இல்லை. வேலை கொடு என்று உரிமையோடு கேட்க அதில் வழி கிடையாது.

இரண்டாவது, வரி. 2022-ல் நகர்ப்புறச் சொத்து வரியை இடத்துக்கும் வீட்டின் அளவுக்கும் ஏற்ப 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றினார்கள். நகரத்துக்குள் போனால் அந்தக் கணக்கு நம்ம ஓட்டு வீட்டு வாசலுக்கும் வரும்.

மூன்றாவது, கிராம சபை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று ஊரே மரத்தடியில் கூடி வரவு செலவைக் கேட்கிற உரிமை. ஒழுங்கா நடக்குதா என்று கேட்டால் இல்லைதான். கோரம் இல்லாமல் கையெழுத்து வாங்கிய கதை நமக்கும் தெரியும். ஆனாலும் எழுந்து நின்று கேட்க ஒரு இடம் இருக்கே! அதையும் விட்டுட்டா, வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று மனுதான் கொடுக்கணும்.

நான்காவது, தண்ணீர். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஏரியை நாம் பாசனமாகப் பார்க்கிறோம். நகரம் அதைக் காலி இடமாகப் பார்க்கும். பள்ளிக்கரணையைப் பாருங்கள்! ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு நிலம் இன்று சில நூறு ஹெக்டேர். மிச்சத்திலும் சென்னையின் குப்பையைக் கொட்டினார்கள்.

"மாநகராட்சியானா வசதி வரும்" என்பவர்களுக்கு ஒரு பதில். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தார்கள். அதில் 25 கிராம ஊராட்சிகள். 174 சதுர கிலோமீட்டர் இருந்த நகரம் 426 ஆனது. பத்து வருஷம் கழித்தும் சேர்த்த பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடைக்குத் தெருவைத் தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். தலைநகரத்துக்கே இந்தக் கதி!

அவ்வளவு தூரம் ஏன்? நம்ம பக்கத்து நகராட்சியின் கழிவுநீர் பதினைந்து வருஷமாக நம்ம வாய்க்காலில் விழுகிறது. அந்தத் தண்ணியில் நாத்து விட்டவன் நான். இன்று கால் வைத்தால் முழங்கால் வரை அரிக்கிறது. மூன்று முறை மனு கொடுத்தோம், "நிதி வந்ததும் பார்க்கலாம்" என்றார்கள். இருக்கிற வார்டுக்கே சாக்கடை கட்ட நிதி இல்லாதவர்கள் நம்மையும் சேர்த்து என்ன கிழிக்கப் போகிறார்கள்?

நாம் வளர்ச்சிக்கு எதிரி இல்லை தோழர்களே! நமக்கும் நல்ல குடிநீர் வேணும். ராத்திரி பிரசவ வலி வந்தால் போக ஆஸ்பத்திரி வேணும். பிள்ளைகள் காலேஜ் போக நேரத்துக்குப் பஸ் வேணும். இதையெல்லாம் ஊராட்சியிலேயே செய்யக்கூடாது என்று எந்தச் சட்டம் சொல்லுது? 1992-ல் நிறைவேறிய 73-வது திருத்தம் 29 துறைகளை ஊராட்சிக்குப் பட்டியல் போட்டது. பட்டியலைக் கொடுத்தவர்கள் பணத்தையும் அதிகாரத்தையும் கொடுக்கவில்லை. கையைக் கட்டிப்போட்டுவிட்டு, நீந்தத் தெரியலையே என்கிறார்கள்!

நமது கோரிக்கைகள்:

• கிராம சபையின் ஒப்புதல் இல்லாமல் எந்த ஊராட்சியையும் இணைக்காதே!
• விவசாயத்தை நம்பியிருக்கும் குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுத்து வெளியிடு!
• நகராட்சிக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் பாசன வாய்க்காலில் விடுவதை நிறுத்து!
• நஞ்சை நிலத்தையும் ஏரி, குளம், வாய்க்காலையும் மனைப் பிரிவுக்குத் திறந்துவிடாதே!
• வேலை உறுதிச் சட்டத்தை நகரத்துக்கும் விரிவாக்கு!
• உள்ளாட்சித் தேர்தலைக் காலம் தவறாமல் நடத்து!

வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளன்று காலை 10 மணிக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம். மனு தனித்தனியாகக் கொடுப்போம், வீட்டுக்கு ஒரு மனு. வேலை அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள். அந்த வாய்க்கால் தண்ணியில் ஒரு பாட்டில் பிடித்து வாருங்கள். அதிகாரிகள் மேஜை மேல் வைத்துக் கேட்போம்: இதை முதலில் சரி செய்கிறீர்களா, இல்லை கோடு போடத்தான் வருவீர்களா?

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், ஒன்றியக் குழு