வரிசை பிறழாமை

எங்கள் காணி உறுதிகளில் கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு எனத் திசை சுட்டியே எல்லைகள் எழுதப்படுகின்றன. திசைப்பெயரை நீக்கி அயலார் பெயர்களை மட்டும் நிரைப்படுத்தின், வரிசை பிறழக் காணியும் பிறழும்.

கார்டானோ வலையமைப்பில் 2021 முதல் இயங்கும் கணனி ஒப்பந்தங்களின் நிலையும் அத்தகையதே. பணத்தோடு பதியப்படும் தரவிற் பெயர்கள் இரா. எண்ணும் வரிசையுமே உண்டு. 'விற்பனை' 0, 'மீட்பு' 1 என ஒப்பந்தம் கொண்டிருக்க, ஹாஸ்கெல் மொழியிற் செயலி எழுதுவோர் இடையே 'திருத்தம்' என்பதைச் செருகின், 1 அதற்குரியதாகிவிடும். பதிந்த ஒப்பந்தமோ அவ்வெண்ணைப் பழையபடி மீட்பென்றே வாசிக்கும். பணம் பிறர் கைக்குச் செல்லலாம். எடுக்கவியலாது பூட்டுண்டும் கிடக்கலாம்.

மொழியின் வகைச்சோதனை காக்குமென்பர் சிலர். அது ஒரு நிரலின் உள்ளேயே காவல் செய்யும். இரு நிரல்களுக்கிடையே அன்று. ஆதலின், இத்துறை புகும் எம் மாணவர் எண்களைத் தாமே நிறுவுக. புதியதை இறுதியிற் சேர்க்க. பழைய எண்ணை வேறொன்றுக்கு வழங்காதொழிக.